சரளமாக வந்த பதில்

என் அக்கா அழகாகப் பேசுவாள் என்று ஊரே சொல்லும். ஆஸ்பத்திரியில் கூட்டுகிற அம்மாவிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவள் பேச்சுக்கு ரசிகர்கள் உண்டு. "மேடம் பேசினா புத்தகம் படிக்கிற மாதிரியே இருக்கும்" என்பார்கள். கேட்டால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சலும் வரும். அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவன், அப்பா அம்மா போன பிறகு, நான் ஒருவன்தான். அக்காவுக்குத் திக்குவாய்.

அவள் திக்கி யாரும் கேட்டதில்லை. அதுதான் அவள் சாமர்த்தியம். சில சொற்கள் அவளுக்கு வராது. வராது என்பது வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே பக்கத்துச் சொல்லுக்குத் தாவிவிடுவாள். பஸ் என்ற சொல் வராவிட்டால் 'வண்டி'. பால் வராவிட்டால் 'காபியில ஊத்துறது'. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்ல வேண்டியதை, 'வானம் இருட்டிக்கிட்டு நிக்குது' என்பாள். கேட்கிறவர்கள் ஆகா என்பார்கள். அவள் கவிதை சொல்லவில்லை, தப்பித்து ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று கத்த வேண்டும் போல எனக்கு இருக்கும்.

அவள் பெயரே அவளுக்கு வராது. யாராவது பெயர் கேட்டால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டி ஒரு புன்னகை பூப்பாள். அதையும் ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டார்கள். போனில் மட்டும் இந்தப் பருப்பெல்லாம் வேகாது. ஆகவே போன் என்றால் நான். டாக்டரிடம் நேரம் கேட்க, கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல, எல்லாவற்றுக்கும் மாடியிலிருந்து "டேய் தம்பி" என்று குரல் வரும். மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன் நான். மீதி நேரத்தில் அக்காவுக்கு வாய்.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. டவுன் பஸ் டிரைவர். சின்ன வயதில் அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு, உதடு ஒட்டிப்போய், கழுத்து நரம்பு புடைக்க நிற்கும்போது அப்பாவுக்குத் தாங்காது. "ரோடு அடைச்சிருந்தா அங்கேயே நின்னு ஹாரன் அடிப்பியாம்மா? பக்கத்துச் சந்துல திருப்பு" என்பார். பாசத்தில்தான் சொன்னார், பாவம். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவள் பேச்சு சிகிச்சை படிக்கப் போனது எப்படி என்று கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். "இது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு" என்றாள். அந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. நேர்முகத்தில் ஏதோ ஒப்புக்குக் கேட்டுவிட்டு உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இவளும் சந்து சந்தாகத் திருப்பிப் பதில் சொல்லி முடித்து, பட்டம் வாங்கி, அதே கல்லூரியின் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்து, பிறகு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது மாடியில், எக்ஸ்ரே பிரிவைத் தாண்டி, நீளமான தாழ்வாரத்தின் கோடியில் அவர்கள் துறை. சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, முகம் பார்க்கும் கண்ணாடி, படம் போட்ட அட்டைகள், பிள்ளைகள் ஊதுவதற்குச் சோப்பு நுரைக் குப்பி. சுவரில் ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிச் சன்னல் இருக்கும். அதன் பின்னால் இருட்டறையில் மாணவர்கள் உட்கார்ந்து, உள்ளே நடப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்கள், தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவர்கள், இவர்கள்தான் அக்காவின் பொறுப்பு. ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டு, தொண்டையில் இரண்டு விரலை வைத்து, விழுங்குவது சரியாக நடக்கிறதா என்று கவனிப்பாள். முகம் கோணிப்போன ஒருவர் பல வாரம் கழித்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதையை என்னிடம் சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. வேலையில் அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

திக்குவாய் என்று யாராவது வந்தால் மட்டும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடுவாள். "அது என் ஏரியா இல்லடா" என்பாள்.

போகப் போக அவளை ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருக்கும் நோயாளிகளில் எல்லாத் தினுசு மனிதர்களும் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டு உள்ளே நிற்கும் மாணவர்களோ எல்லாரும் ஒரே அச்சு. படித்த வீட்டுப் பிள்ளைகள், காரில் வந்து இறங்குகிறவர்கள். கூலி வேலை செய்கிறவர் வீட்டிலிருந்தோ, பிழைக்க வந்த குடும்பங்களிலிருந்தோ, காது கேளாத பெற்றோரின் வீட்டிலிருந்தோ ஒருவர் கிடையாது.

"பேஷன்ட் அம்மா ஒருத்தங்க அவங்க வீட்ல பேசுற மாதிரி பேசுறாங்க. இந்தப் பசங்களுக்கு அது புரியல. புரியலன்னு சொல்றதுதானே? பேச்சுல கோளாறுன்னு எழுதி வெச்சிருக்குங்க" என்று ஒரு நாள் வந்து பொரிந்து தள்ளினாள்.

துறைத்தலைவரிடம் போய் நின்றாள். வெளியிலிருந்து பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, தயார் செய்து, இந்தப் படிப்புக்குக் கொண்டு வருகிறேன் என்றாள். மனிதர் கெட்டவர் இல்லை. தனக்கு வேலை வைக்காத எந்த நல்ல காரியத்துக்கும் தலையாட்டுகிற ரகம். "தாராளமா செய்யுங்க மேடம்" என்றார். அப்படித்தான் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கியது.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னாள். விண்ணப்பம் எழுத உதவினாள். பழைய மாணவர்களிடம் கேட்டுப் புத்தகமும் கோட்டும் வாங்கி வைத்தாள். உள்ளே சேர்ந்த பிறகு முதல் பரீட்சையில் கோட்டைவிட்டு அழுகிறவர்களைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போட்டாள். எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டம் நேர்முகம். மார்க்கு இருந்தால் மட்டும் போதாது, மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பேச வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு ஒத்திகை வேண்டும். துறைத்தலைவர் வேஷம் எனக்கு. என் மனைவியின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, பேனாவால் மேசையைத் தட்டி, "ம்ம், சொல்லுங்க, ஏன் இந்தப் படிப்பு?" என்பேன். லாரி டிரைவர் மகன் ஒருவன் வந்தான். வாயைத் திறந்தால் தெருமுனைக்கே கேட்கும் என்பதால் அவனையே லாரி என்று கூப்பிட்டோம். "சும்மா உக்காந்து பேசுற வேலைன்னு சொன்னாங்க சார்" என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான். சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அக்கா ஓடி வந்து என் தொண்டையில் விரலை வைத்தாள். லாரிக்கு இடம் கிடைத்தது, நன்றாகவும் படித்தான்.

அந்த மாடிக்குத்தான் சாவிக்கடைப் பெண் வந்தாள். மார்க்கெட் படிக்கட்டுக்கு அடியில் பீரோ அகலத்துக்கு ஒரு கடை. அங்கே அவள் அப்பா மாற்றுச் சாவி வெட்டிக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் இவளும் மிஷினில் நிற்பாள். சின்ன வயதில் திக்குவாய்க்காக அக்காவின் பக்கத்து அறைக்கு வந்துபோனவள். வந்து வந்து, எதிர் நாற்காலியில் தானும் ஒரு நாள் உட்கார வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. மார்க்கை வாரிக் குவித்திருந்தாள். திக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

அவள் சொல்லை மாற்றமாட்டாள். வராத சொல் வரும்வரை நிற்பாள். தலையைக் குனிய மாட்டாள், எதிரே இருக்கிறவர் கண்ணைப் பார்த்தபடியே நிற்பாள். முதல் ஒத்திகையில் நான் வழக்கம்போல ஏன் இந்தப் படிப்பு என்றேன். "எ... எங்க வீ... வீ..." என்று அவள் மாட்டிக்கொண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "வீட்ல ஆசைப்பட்டாங்களா?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"இல்லண்ணா, இ... இருங்க, நானே சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். நேரம் ஆனது, ஆனால் சொன்னாள். அவள் திக்கும்போது அவள் வீட்டில் எல்லாரும் தரையைப் பார்ப்பார்களாம். அவளுக்குத் திக்கல் கஷ்டமாக இல்லை, அவர்கள் தரையைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம். அப்படிப்பட்ட அம்மா அப்பாக்களிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும், அதற்காக வந்தேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

அக்காவுக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. ஒத்திகை முடிந்ததும் அவளைத் தனியாக உட்கார வைத்து, தன் தொழில் ரகசியத்தை அவிழ்த்தாள். வராத சொல்லை விட்டுவிடு, பக்கத்துச் சொல்லை எடு, மூச்சை இப்படி விடு, கேள்வியைத் திருப்பிக் கேட்டு நேரம் வாங்கு.

"அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் சமாளிச்சுடு கண்ணு. உள்ள போயிட்டா அப்புறம் உன் இஷ்டம்."

"ச... சமாளிச்சு உள்ள போனா, அப்புறம் எப்போ மேடம் நிறுத்தறது?" என்றாள் அந்தப் பெண்.

அந்த நேரம் பார்த்துக் கீழே கூரியர்காரர் வந்தார். "யாருங்க, பேரைச் சொல்லுங்க" என்று கத்தினார். அக்கா மாடிப் படியில் இறங்கிப் போய், ஆணியில் மாட்டியிருந்த அடையாள அட்டையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். சொந்த வீட்டு வாசலில்! மேலேயிருந்து அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி வந்ததும் கேட்டாள்.

"மேடம், உ... உங்களுக்கும் இருக்கா?"

மாடியில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். வெளியாள் ஒருவரிடம் அவள் அதை ஒப்புக்கொண்டதே கிடையாது. "ம்" என்றாள், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அ... அந்த மேசையில நீங்களும் இருப்பீங்கல்ல மேடம்? இவளால மு... முடியுமான்னு கேட்டா, நான் உங்களைச் சொல்லலாமா?"

"நீ சொல்ல வேணாம். அது நல்லாயிருக்காது. கேட்டாங்கன்னா நானே சொல்லிடுறேன்" என்றாள் அக்கா.

இவளா, என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் அன்று அவள் மனதாரத்தான் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு தடவை என்னிடமே சொல்லிப் பார்த்தாள். "எனக்கும் திக்கும் சார்." அவ்வளவு சின்ன வாக்கியம். இரண்டு தடவையும் கொஞ்சம் திக்கத்தான் செய்தது. சந்தோஷமாகச் சிரித்தோம்.

நேர்முக நாளில் நானும் சாவிக்கடைக்காரரும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனிதர் சலவைச் சட்டை போட்டு, கையில் படிந்த கறுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உள்ளே நடந்ததை அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லும் அவள் சேர்த்திருக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

மேசையில் துறைத்தலைவர், வெளிக் கல்லூரியிலிருந்து வந்த ஓர் அம்மா, அப்புறம் அக்கா. பெண் நன்றாகவே பதில் சொன்னாளாம். திக்கினாள், நின்றாள், சொன்னாள். படிப்பு சம்பந்தமாகக் கேட்ட எதிலும் சறுக்கவில்லை. கடைசியில் துறைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கே பேச்சு இப்படி இருக்கும்போது, வர்றவங்க உங்களை எப்படி நம்புவாங்க?"

"எ... எனக்கு இது தெரியும்ங்கறதாலதான் சார் நம்புவாங்க" என்றாளாம் அவள்.

வெளிக் கல்லூரி அம்மா நல்ல மனசோடுதான் யோசித்திருக்கிறார். "முடியாதுன்னு சொல்ல வரல சார். ஆனா திக்குறவங்க யாராவது இந்த வேலையில இருந்து நான் பாத்ததில்ல. இருந்தாங்கன்னா தைரியமா எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் இங்க அனுபவம் அதிகம். அப்படி யாராவது இருக்காங்களா மேடம்?"

பெண்ணும் அக்காவைப் பார்த்தாள்.

அக்கா வாயைத் திறந்தாள். "அனுபவத்துல அப்படி யாரும் எதிர்ப்பட்டதா ஞாபகம் வரல. இருந்தாலும் இந்தப் பொண்ணோட ஆர்வத்தைப் பாக்கும்போது ஒரு வாய்ப்பு கொடுக்கலாம்னு தோணுது" என்றாள். ஒரு தடங்கல் இல்லை. ஆற்று நீர் மாதிரி வந்ததாம்.

"ஆர்வம் இருக்கு, யார் இல்லைன்னு சொன்னா?" என்றார் துறைத்தலைவர். "வயசும் இருக்கு. நல்லா சிகிச்சை எடுத்துக்கிட்டு, சரளமா ஆனதும் அடுத்த வருஷம் வாங்கம்மா. மேடம் உதவி பண்ணுவாங்க."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் அப்பாவிடம், "அ... அடுத்த வருஷம் வரச் சொல்லிட்டாங்கப்பா" என்றாள். அழவில்லை. அவர் "சரிடா, சரிடா" என்று அவள் தோளைத் தட்டினார். அக்காவைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்து, "வ... வரேண்ணா" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போனாள்.

வீட்டுக்கு வந்து அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. "ஊருக்கெல்லாம் வாயைத் திறக்கக் கத்துக்கொடுக்குற. உனக்கு அந்த ஒரு வரிக்கு வாய் வரலையா?" என்றேன்.

"வாய் வந்துச்சுடா. சொல்லத்தான் போனேன். சொன்னா, இத்தனை வருஷமா இவ எல்லாரையும் ஏமாத்தியிருக்கான்னு ஆயிடுமேன்னு ஒரு நிமிஷம் பயம் வந்துச்சு. அதுக்குள்ள வேற பதில் தானா வந்துடுச்சு. சரளமா." முகத்தை மூடிக்கொண்டாள். "அங்க நான் திக்கியிருந்தாக்கூடப் போதும்டா. அவங்களே புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க."

அதற்கு மேல் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

சில நாள் கழித்து அக்கா சாவிக்கடைக்குப் போனாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பெண் மிஷினில் நின்றாள். பித்தளைத் தூள் பறந்துகொண்டிருந்தது. அவள் அப்பா எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கன்னு பொண்ணு சொன்னா மேடம். நம்ம நேரம், என்ன பண்றது" என்று கும்பிட்டார். அக்கா கூனிக் குறுகிப் போனாள். பெண் மிஷினை நிறுத்திவிட்டு, "சா... சாவி ஏதாவது போடணுமா மேடம்?" என்றாள். அக்கா கைப்பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். வெட்டி முடிக்கிற வரைக்கும் பறக்கிற தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்தப் பெண் மாடிக்கு வருவது அத்தோடு நின்றது. அடுத்த வருடம் நேர்முகம் நெருங்கியபோது, "போய்க் கூப்பிடேன்" என்றேன். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டுடா போறது? அவ என்னைப் பாக்கவே விரும்பமாட்டா" என்றாள். அதற்கடுத்த வருடமும் அதே பேச்சு. முதலில் துறையில் சொல்லிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட வேண்டும், அதுதான் முறை என்று ஒரு வருடம் சொன்னாள். சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தர்ப்பமா வந்து கதவைத் தட்டும்? நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். மார்க்கெட் பக்கம் போக வேண்டியிருந்தால் பின்வாசல் வழியாகப் போய் வர ஆரம்பித்தாள்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஓஹோ என்று நடந்தது. மாடிக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். காது கேளாத தம்பதியின் மகள் ஒருத்தி சைகையும் பேச்சும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அழகைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வந்தார்கள். லாரி அதே துறையில் வேலைக்குச் சேர்ந்தான். பேப்பரில் அக்காவின் படம் வந்தது. யாராவது பாராட்டினால் அவள் முகம் சுருங்கும். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பணி ஓய்வு வந்தது. கல்லூரி அரங்கில் பிரிவு விழா. நானும் என் மனைவியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் பேச்சு சிகிச்சைக்காரர்கள். பழைய மாணவர்கள், வாத்தியார்கள், ஓய்வு பெற்ற அந்தத் துறைத்தலைவர் கூட வந்திருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அக்கா என்னிடம், "இன்னைக்குச் சொல்லிடுறேன்டா. மாத்தாம, சுத்தாம சொல்றேன்" என்றிருந்தாள்.

மைக்கைப் பிடித்தாள். நன்றி, வணக்கம் எதுவும் இல்லை. "உங்க எல்லார்கிட்டயும் நான் ம..." என்று தொடங்கினாள். நின்றுவிட்டது. உதடு ஒட்டிக்கொண்டது. மறைத்தேன் என்றுதான் சொல்ல வந்தாள், எனக்குத் தெரியும். சின்ன வயதில் பார்த்த அதே கழுத்து நரம்பு. ஒளித்தேன் என்று மாற்றியிருந்தால் வந்திருக்கும். மாற்றவில்லை. நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனை பேர் முன்னால் நின்றாள்.

வந்துடும், விடுங்க, என்று நான் மனதுக்குள் எல்லாரையும் கெஞ்சினேன். அரங்கம் முழுக்கத் திக்குவாயைப் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவர்கள். இது திக்கல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் இருந்தவளும் துடைத்தாள். லாரி மேடைக்கு ஓடினான். அக்காவின் தோளை அணைத்துக்கொண்டு, மைக்கே தேவைப்படாத குரலில், "மேடம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. பேச வேணாம் மேடம், நீங்க சொல்ல வந்தது எங்களுக்குப் புரியுது" என்றான். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்கள். குழந்தையை உட்கார வைப்பது போல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் வாங்கிக் குடித்தாள்.

ஆட்டோவில் வரும்போது, "கை தட்டிட்டாங்கடா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. மார்க்கெட் வந்ததும் டிரைவரை நிறுத்தச் சொன்னாள்.

மாலை நேரம், கூட்டம் நெரிந்தது. படிக்கட்டுக்கு அடியில் அதே கடை. அப்பாவைக் காணவில்லை. முதுகு முடியாமல் வீட்டோடு இருக்கிறாராம். அந்தப் பெண் தனியாக மிஷினில் நின்றாள். முகம் கொஞ்சம் கனத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். அக்கா கழுத்தில் விழாவில் போட்ட மாலையின் உதிரிப் பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"எ..." என்றாள் அக்கா. கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். "எ... எ... எனக்கும் தி..."

பூட்டோடு நின்றிருந்த ஒருவர், "அம்மாவுக்கு மயக்கம் போல, தண்ணி இருந்தா குடுங்க" என்றார். பெண் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மிஷின் சுவிட்சை அணைத்தாள். அக்காவின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் நின்றாள். அவசரப்படுத்தவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. நான் இத்தனை வருடம் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எத்தனையோ தெரபிஸ்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவர் காத்திருந்து பார்த்ததில்லை. இவளையா வெளியே நிறுத்தினோம்!

"எனக்கும் திக்கும்னு அன்னைக்கு அ... அங்கயே சொல்லியிருக்கணும்" என்று அக்கா முடித்தாள். "சொல்லல. அதனாலதான் உனக்கு இ... இடம் போச்சு. நீ என் மேல கோ... கோபமா இருப்பன்னு நெனச்சு நான் வரவே இல்ல."

"கோபம்லாம் அந்த வ... வருஷத்தோட போச்சு மேடம்." அவள் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நானா திரும்பப் போனா, திரும்ப அ... அதையேதான் கேட்பாங்க. நீங்க சொல்லிட்டு வந்து கூ... கூப்பிடுவீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு வருஷமும் அப்ளிகேஷன் வாங்கி வெ... வெச்சேன். இந்த வருஷம்தான் வாங்கல. வயசு தாண்டிடுச்சு."

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. பின்னால் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது, பூட்டுக்காரர் பூட்டால் கவுண்டரைத் தட்டினார். அந்தப் பெண் அக்காவின் முகத்தைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.